மேக்ரமே, குரோஷே பொருட்கள் செய்து விற்றால் கட்டுப்படியாகுமா?

கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்யும் மேக்ரமேயும், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயும் ஓரளவு நன்றாகவே வருகிறது, பார்க்கிறவர்கள் எல்லாரும் "விற்கலாமே" என்கிறார்கள், விற்றால் உண்மையில் கையில் ஏதாவது நிற்குமா, எதைச் செய்வது, என்ன விலை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்கும். ஆனால் கைவேலை என்ற ஒரே பெயரில் சேர்த்துச் சொன்னாலும் விற்பனை என்று வரும்போது இவை இரண்டும் ஒரே தொழில் இல்லை. மேக்ரமே கயிற்றைத் தின்னும், குரோஷே நேரத்தைத் தின்னும். நீங்கள் வைக்கும் விலை, எடுக்கும் ஆர்டர், மறுக்கும் ஆர்டர் எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

நூல் விலையை மூன்றால் பெருக்கினால் விற்பனை விலை வந்துவிடும் என்று ஒரு கணக்கு ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் யாராவது சொல்லித்தருவதும் இதைத்தான். இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன குரோஷே பொம்மை செய்ய 6 மணி நேரம் ஆகிறது, அதற்கான நூலும் பஞ்சும் உங்கள் அரை மணி நேரக் கூலி அளவுக்குத்தான் செலவு என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் பெருக்கினால் ஒன்றரை மணி நேரக் கூலி. அதில் பொருள் செலவைக் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரக் கூலி, உட்கார்ந்து பின்னியதோ 6 மணி நேரம். இதே கணக்கை ஒரு மேக்ரமே செடி உறிக்குப் போடுங்கள். ஒன்றரை மணி நேர வேலை, கயிறும் வளையமும் ஒரு மணி நேரக் கூலிக்குச் சமம் என்றால் மூன்றால் பெருக்கி, செலவைக் கழித்த பிறகு 2 மணி நேரக் கூலி கையில் நிற்கிறது. ஒன்றில் சரியாக வரும் கணக்கு இன்னொன்றில் உங்களைச் சம்பளமில்லாத ஆளாக்கிவிடுகிறது. அதனால் அந்தப் பெருக்கலை விட்டுவிடுங்கள். செலவான நேரம், அதற்குக் கூலி, பொருள் செலவு, பேக்கிங், விற்கும் இடத்தின் கமிஷன் என்று தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள், அதற்கு மேல் கொஞ்சம் லாபம். கூலியையும் லாபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், நாளைக்கு நீங்கள் உதவிக்கு ஒரு ஆளை வைத்தால் அவருக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கூலிதான்.

நேரம் என்று சொல்லும்போது ஊசி கையில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் அதிகம். கயிற்றை அளந்து வெட்டுவது, நூல் முனைகளை உள்ளே செருகுவது, பஞ்சு அடைப்பது, தலையையும் கைகால்களையும் சேர்த்துத் தைப்பது, குஞ்சத்தைச் சீவி வெட்டுவது, படம் எடுப்பது, "இன்னும் கொஞ்சம் அடர்ந்த நீலம் கிடைக்குமா" என்ற கேள்விக்குப் பதில் போடுவது எல்லாமே நேரம்தான். ஒரே பொருளை இரண்டு மூன்று தடவை கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள், பல வண்ணம் மாறும் பொருட்களில் பின்னுவதை விட முனை செருகுவதுதான் பெரிய வேலையாக இருப்பது தெரியவரும். அது தெரிந்தால் டிசைனையே மாற்றத் தோன்றும்.

அளவு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பல நஷ்டங்கள் தவிரும். வாடிக்கையாளர் கேட்பார், "இதே பொம்மை, இதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் வேண்டும், விலையை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று. நியாயமாகத்தான் தோன்றும். ஒரு உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜிக் ரிங்கில், அதாவது நூலை வளையமாகச் சுற்றி இறுக்கும் தொடக்கத்தில், 6 தையலில் (ஊசியால் போடும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு தையல்) தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 30 வரை போய், 5 சுற்று அப்படியே போட்டு, மறுபடி ஆறு ஆறாகக் குறைத்து மூடினால் மொத்தம் 300 தையல். இதையே இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டுமானால் 60 வரை கூட்ட வேண்டும், நடுவில் 10 சுற்று, அப்புறம் குறைப்பு, மொத்தம் 1200 தையல். உயரம் இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு! நூலும் அப்படியே நான்கு மடங்கு. இரட்டிப்பு விலைக்கு ஒப்புக்கொண்டால் பாதி வேலையை இலவசமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பெரிய பொம்மை வேண்டுமென்று கேட்கிறவருக்கு நான் சொல்லும் வழி, தையல் எண்ணிக்கையைத் தொடாமல் தடிமனான நூலுக்கும் பெரிய ஊசிக்கும் மாறுவது. அதே 300 தையலில் பொம்மை நன்றாகப் பெரிதாகிவிடும், நூல் செலவு கூடும், நேரம் கிட்டத்தட்ட அதேதான். வெல்வெட் மாதிரி தடித்த நூலில் செய்த பொம்மைகளை இப்போது இவ்வளவு பேர் விற்பதற்கு மென்மை மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்த நூலில் தையல் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது குரோஷே லேஸ் விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. அவர்கள் பார்த்துச் செய்தது வெனிஸ் நகரத்து ஊசி லேஸை, அதை ஊசியால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும், கொக்கி ஊசியால் போட்டால் அந்தத் தோற்றம் மிக வேகமாக வந்துவிடும். அதோடு வேலையையும் பிரித்துக்கொண்டார்கள், ஒருவர் ரோஜா மட்டும், இன்னொருவர் இலை மட்டும், கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் வலையால் இணைப்பார். இன்றைக்கும் நீங்கள் அப்படியே செய்யலாம். தனி ஆளாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கக் காதுகள், இன்னொரு நாள் உடல்கள், இன்னொரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது என்று பிரித்துப் போட்டால் கை பழகிவிடும், செய்முறை எழுதிய பேட்டர்னைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்காது. முப்பது விதமான பொருட்களை ஒவ்வொன்று வைத்திருப்பதை விட நான்கைந்து பொருட்களைத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் பணம் இருக்கிறது.

சரி, மேக்ரமே. இங்கே காசு போவது பெரும்பாலும் கயிறு வெட்டும் இடத்தில். முடிந்த நீளத்தைப் போல நான்கைந்து மடங்கு, நடுவில் மடித்து வளையத்திலோ கம்பிலோ மாட்டினால் எட்டிலிருந்து பத்து மடங்கு என்று எல்லாக் கயிற்றையும் ஒரே அளவில் வெட்டுவது வழக்கம். அது பாதுகாப்பான கணக்குதான், ஆனால் விற்கிறவருக்கு வீண். சதுர முடிச்சில் நான்கு இழை இருந்தால் முடிச்சுப் போடுவது வெளியே இருக்கும் இரண்டுதான், உள்ளே இருக்கும் இரண்டும் சும்மா நேராக நிற்கின்றன, அவை சுருங்குவதே இல்லை. 50 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாக முடிச்சுப் போட வெளி இழை ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மீட்டர் பிடிக்கிறது என்றால் உள் இழைக்கு 60 செ.மீ. போதும். சரிபாதியாக மடித்து மாட்டினால் ஒரு கயிறு 5 மீட்டர் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குட்டையாக மடித்து, குட்டைகள் இரண்டும் நடுவில் வருகிற மாதிரி மாட்டினால் 3.1 மீட்டரில் முடிந்துவிடும். ஒரு உறியில் இப்படி எத்தனை கயிறு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தடிமன் மாறினால் இந்த அளவும் மாறும், அதனால் புதுக் கயிறு வாங்கியதும் 10 செ.மீ. முடிச்சுப் போட்டு எவ்வளவு கயிறு உள்ளே போனது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு கொஞ்ச நாளில் உங்கள் தொழிலின் சொத்தாகிவிடும்.

கயிறு எந்த வகை என்பதையும் பொருளைப் பார்த்து எடுங்கள். ஒற்றை முறுக்குக் கயிறு குஞ்சத்துக்கு அருமை, சீவினால் பட்டு மாதிரி பிரியும், ஆனால் தப்பாகப் போட்ட முடிச்சை இரண்டு மூன்று தடவை அவிழ்த்தால் நைந்துவிடும். மூன்று புரி முறுக்கிய கயிறு உறிக்கும் சுவர் அலங்காரத்துக்கும் சரி. பின்னிய கயிறு பைகளுக்கு, பிரியாது, சுமை தாங்கும். மழை வெயில் படும் இடத்துக்குப் பருத்தி வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும், வெளியே தொங்கவிடுகிறவருக்கு பாலியெஸ்டர் கயிற்றில் செய்து கொடுங்கள்.

உறியைக் காலியாகத் தொங்கவிட்டுப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றிய மண் காய்ந்த மண்ணை விட நிறைய கனக்கும், பருத்தியும் அந்தக் கனத்தில் மெல்ல நீளும். ஈர மண் நிறைத்த தொட்டியை வைத்துச் சில நாட்கள் தொங்கவிட்டால், அடியில் இருக்கும் முடிச்சு நழுவுகிறதா, தொட்டி ஒரு பக்கம் சாய்கிறதா என்று தெரிந்துவிடும். எவ்வளவு எடை வரை தாங்கும் என்று அதற்கப்புறம் தைரியமாக எழுதலாம், அந்த ஒரு வரியைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குரோஷேயில் இதற்குச் சமமான இடம் பின்பக்கம். கைவேலை தெரிந்தவர்கள் பொருளை எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். முனையை 15 செ.மீ. விட்டு வெட்டி, ஒரு திசையில் செருகி, திருப்பி எதிர்த்திசையிலும் ஒரு தடவை ஓட்டிவிட்டால் துவைத்தாலும் வெளியே வராது. நூல் வாங்கும்போது லேபிளில் இருக்கும் சாய லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண்ணைப் பாருங்கள், ஒரே நிறம் என்று நினைத்து வேறு லாட் கலந்தால் பகல் வெளிச்சத்தில் கோடு போட்டது மாதிரி தெரியும். அடர் சிவப்பும் வெள்ளையும் சேரும் பொருள் என்றால் ஒரு துண்டு பின்னி நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்க்காமல் தொடங்க வேண்டாம். அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை உருகித் தொய்ந்துவிடும், மீட்க முடியாது.

"கடையில் இதை விட மலிவாகக் கிடைக்கிறதே" என்று யாராவது சொல்லும்போது மனம் தளர வேண்டாம். இரண்டு ஊசியால் ஸ்வெட்டர் பின்னுகிற நிட்டிங்குக்கு இயந்திரம் உண்டு, குரோஷே தையலை அப்படியே போடும் தொழிற்சாலை இயந்திரம் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. இயந்திரத்தில் வருவது தூரத்திலிருந்து குரோஷே மாதிரி தெரியும் வேறு பின்னல். உண்மையான குரோஷே எங்கே எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும் அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் போட்டிருக்கிறார், அந்த விலைக்கு அவருக்கு என்ன போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அந்த விலையோடு போட்டி போட்டு உங்கள் கூலியைக் குறைத்தால், பக்கத்தில் இதையே நம்பி விற்றுக்கொண்டிருக்கும் இன்னொருவரின் கூலியும் சேர்ந்து குறைகிறது. விலை அதிகமாகத் தெரிந்தால் கூலியில் கை வைக்காமல் பொருளைச் சின்னதாக்குங்கள். சாவிக்கொத்து, புக்மார்க், கோஸ்டர் எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. ஸ்டால் போட்டால் பெரிய சுவர் அலங்காரம் ஆட்களை நிறுத்தும், வாங்கிப் போவது இவற்றைத்தான்.

எங்கே விற்பது என்பதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தெரிந்தவர்கள், ஸ்டால், இன்ஸ்டாகிராம், எட்சி மாதிரி தளங்கள், எல்லாமே வேலை செய்யும். கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும்போது பாதி விலை வரை கேட்பார்கள், அந்த விலையிலும் உங்கள் முழுக் கூலி உள்ளே இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள், அளவு புரிய ஒரு படமாவது கையில் பிடித்த மாதிரி இருக்கட்டும். கூரியரில் பல நிறுவனங்கள் எடையோடு பெட்டியின் கொள்ளளவையும் பார்த்துக் கட்டணம் போடுகின்றன, லேசான பெரிய பொம்மைக்கு அனுப்பும் செலவு எதிர்பாராத அளவுக்கு வரும். குஞ்சத்தைச் சீவி, காகிதத்தில் சுற்றி, லேசாகக் கட்டி அனுப்பினால் போய்ச் சேரும்போது கசங்கியிருக்காது.

பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்காதீர்கள், கேட்கிறவர்கள் நிறைய இருந்தாலும் உரிமை வேறொருவருடையது, தளத்தில் புகார் வந்தால் பொருளை எடுத்துவிடுவார்கள். விலை கொடுத்து வாங்கிய பேட்டர்னிலும் செய்த பொருளை விற்க அனுமதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பலர் தங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று எழுதியிருப்பார்கள். மூன்று வயதுக்குள்ளான குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், பின்னல் தளர்ந்தால் அது அப்படியே கழன்று வாய்க்குள் போகும், கண்ணை நூலால் தைத்துவிடுங்கள்.

தனி ஆர்டர் எடுத்தால் நிறம், அளவு, தேதி மூன்றையும் எழுத்தில் வாங்கி, நூலுக்கான பணத்தையாவது முன்பணமாக வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு படம் அனுப்பி "இப்படியே போகட்டுமா?" என்று கேளுங்கள், அதற்கு மேல் வரும் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெயர் போட்ட பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது, அதற்கு மட்டும் முழுப் பணமும் வந்த பிறகு முதல் தையலைப் போடுங்கள்.