பெட்டி வந்துடுச்சு, நெட் எங்கே?

கேள்வி: எங்க ஊராட்சி ஆபீஸ்ல ஃபைபர் பெட்டி மாட்டி மூணு வருஷம் ஆச்சுங்க. ஆனா என் பையன் ஆன்லைன்ல ஃபார்ம் போடணும்னா இன்னும் மேட்டுல இருக்குற புளியமரத்துக்குத்தான் போறான், அங்கதான் டவர் எடுக்குது. சும்மா ஏமாத்துறாங்களா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: ஏமாத்துறாங்கன்னு ஒரேயடியா சொல்லிட முடியாதும்மா. கிராமங்களுக்கு ஃபைபர்ல நெட் குடுக்குற இந்த மத்திய அரசுத் திட்டத்துக்கு 2011ல ஓகே சொன்னப்பவே ஃபைபர் ஊராட்சி வரைக்கும்தான்னு கணக்கு, மொத்தம் சுமார் 2.5 லட்சம் ஊராட்சி, 2015ல பாரத்நெட்னு பேரை மாத்தினாங்க. அங்கேர்ந்து வீட்டுக்கு கம்பெனிக்காரங்களும் கேபிள் டிவிக்காரங்களும் இழுத்துக்குவாங்கன்னு விட்டுட்டாங்க, முப்பது வீடு இருக்குற மலைக்கு எவன் வருவான்? அது புரிஞ்சதாலதான் 2023 ஆகஸ்ட்ல 1,39,579 கோடி ரூபாய்க்குப் புதுசா ஒரு ரவுண்டு அறிவிச்சாங்க, அஞ்சு வருஷத்துல 1.5 கோடி வீட்டு கனெக்‌ஷன்னு டார்கெட், உள்ளூர் ஆளுங்களையே வச்சு லைன் குடுத்து வருமானத்துல பங்கு. இது கொஞ்சம் உருப்படியான யோசனைன்னு தோணுது. அதுவரைக்கும் அடுத்த கிராமசபையில எழுந்து மூணே கேள்வி கேளுங்க, பெட்டிக்கு கரண்ட் வருதா, பேட்டரி உயிரோட இருக்கா, ரூம் சாவி யார்கிட்ட இருக்கு. மூணாவதுக்குத்தான் பதில் வர லேட்டாகும் பாருங்க.

கேள்வி: லைன் கட் ஆச்சுன்னா வாரக்கணக்குல வர்றதில்லையே, ஏன்?
– வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: பழைய டிசைன்ல பிளாக் ஆபீஸ்லேர்ந்து கொடி மாதிரி லைன் போகும், ரோடு போட வந்த ஜேசிபி ஒரு இடத்துல கொத்திட்டா அதுக்கு அந்தாண்ட இருக்குற ஊரெல்லாம் அவுட். ஒட்டுறதும் லேசு இல்ல, கரண்ட் ஒயர் மாதிரி முறுக்கி டேப் சுத்த முடியாது, முடி மாதிரி கண்ணாடி இழை, ஒவ்வொண்ணா சீவி மெஷின்ல வச்சு உருக்கி ஒட்டணும், அந்த மெஷின் வச்சிருக்குற ஆளு டவுன்லேர்ந்து வரணும். புதுத் திட்டத்துல வளையமா போடச் சொல்லியிருக்காங்க, ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கமா சுத்தி வந்துடும். நம்ம ஸ்டேட்ல 12,525 ஊராட்சிக்கான வேலை 2022ல கன்னியாகுமரி மாவட்டத்துல ஆரம்பிச்சது, அதுல பெரும்பகுதி ஈபி கம்பத்துமேலதான் போகுது. ஜேசிபி தொல்லை இல்ல, ஆனா புயலடிச்சா கம்பத்தோட சேர்ந்து அதுவும் சாயும்.

கேள்வி: கடலுக்கு அடியிலயே அந்தமானுக்கு கேபிள் போட்டாங்க, மலைக்கு மட்டும் முடியலையா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: நியாயமான கோபம்தான். சென்னைலேர்ந்து போர்ட் பிளேர், அப்புறம் சுத்தி இருக்குற தீவுங்கன்னு சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட்ல ஆன் பண்ணிட்டாங்க. ஆனா ஆழ்கடல்ல பள்ளம் தோண்ட ஃபாரஸ்ட்காரங்ககிட்ட பர்மிஷன் வாங்க வேண்டியதில்லையே!