புறாவுக்கும் ராத்திரி வேணும்பா!

கேள்வி: அண்ணே, வியாசர்பாடில மொட்டைமாடில 14 ஹோமர் (எங்க விட்டாலும் வீடு திரும்புற ரேஸ் புறா) வளக்குறேன். மூணு மாசம் முன்ன எதிர்ல ஹைமாஸ்ட் லைட்டு (ஒசரமான கம்பத்து லைட்டு) நட்டாங்க, கூண்டுக்குள்ள நேரா அடிக்குது. ராத்திரி 2 மணிக்கு உறுமிக்கினு ஒண்ண ஒண்ணு கொத்திக்குதுங்க, ரேஸுக்கு பழக்க விட்டா லேட்டா வருதுங்க. பசங்க 'புறாக்கு மெண்டல் ஆயிடுச்சு'ன்றானுங்க. லைட்டுக்கும் மூளைக்கும் சம்பந்தம் கீதா? லைட் வர்ற பக்கம் மட்டும் அட்டை வச்சா போதுமா?

பதில்: சம்பந்தம் இருக்கு தம்பி, ஆனா மெண்டல்னு சொல்லாதீங்க, பாவம் அதுங்களுக்கு ராத்திரியே வரல, அவ்ளோதான். இருட்டுனா மூளைக்குள்ள பீனியல் சுரப்பி மெலடோனின்ற ஹார்மோன விடும், 'ராத்திரி ஆயிடுச்சு'ன்னு உடம்புக்கு தகவல் சொல்றதே அதுதான், லைட் பட்டா அது நின்னுடும். அட்டை மேட்டர் ஏன் சந்தேகம்னா, பறவைக்கு வெளிச்சம் தெரிய கண்ணே வேணாம். 1968ல மெனக்கர்னு ஒரு விஞ்ஞானி கண்ணு இல்லாத சிட்டுக்குருவிய வச்சு பாத்தாரு, அப்பவும் பகல் ராத்திரிக்கு ஏத்த மாதிரி கரெக்டா நடந்துக்கிச்சு, தலையில முடிய புடுங்குனா இன்னும் நல்லா வெளிச்சம் தெரிஞ்சிது, தோலுக்கு அடில கருப்பு மை ஊசி போட்டா கம்மியாச்சு. மண்டை ஓடு வழியாவே லைட் உள்ள போவுது! அதனால லைட் வர்ற பக்கத்த அடைச்சா மட்டும் பத்தாது, எதிர் சுவத்துல பட்டு திரும்பி வர்ற வெளிச்சமும் கணக்குல வரும். சாயங்காலம் ஆனா மேலயும் சுத்தியும் கருப்பு துணி போட்டு, கீழ காத்துக்கு வழி விட்டு மூடுங்க, காலைல தொறந்து நல்லா வெயில் படட்டும். தீனி தண்ணி மாதிரி இருட்டும் டைமுக்கு வைக்கணும்.

கொஞ்சூண்டு வெளிச்சம் என்ன பண்ணும்னு கேக்காதீங்க. ஜெர்மனில பிளாக்பேர்டுன்ற பறவைக்கு ராத்திரி வெறும் 0.3 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்குற கணக்கு), பௌர்ணமி அளவுதான், அது போட்டதுக்கே இனப்பெருக்க உறுப்பு கிட்டத்தட்ட ஒரு மாசம் முன்னாடியே தயாராயிடுச்சு. ஹாம்ஸ்டர்ன்ற எலி மாதிரி பிராணிக்கு 4 வாரம் ராத்திரி 5 லக்ஸ் போட்டதுல சோர்ந்து போச்சு, சர்க்கரைத்தண்ணி மேல இருந்த ஆசையும் போயிடுச்சு, ஆனா திரும்ப இருட்டு ராத்திரி குடுத்தா ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு. இது உங்களுக்கு நல்ல சேதி.

ரேஸ் விஷயம் தனி. புறா சூரியன பாத்து திசை புடிக்குது, அதுக்கு உள்ள ஒரு கடிகாரம் ஓடணும். மார்கழில ஆந்திரா ஓங்கோல்ல காலைல 7 மணிக்கு அவுத்து விடுறீங்கன்னு வைங்க, வீடு தெக்கால. கடிகாரம் 6 மணி நேரம் ஃபாஸ்டா இருந்தா அது மத்தியானம் 1ன்னு நெனைக்கும், மத்தியானம் சூரியன் தெக்கால தான இருக்கும்னு சூரியன பாத்தே பறக்கும், ஆனா நெஜத்துல சூரியன் கெழக்க, நேரா வங்காள விரிகுடாதான். இந்த கிட்டத்தட்ட 90 டிகிரி தப்ப கடிகாரத்த வேணும்னே மாத்தி வச்சு நெறைய பேரு சோதிச்சு பாத்துட்டாங்க. மேகம் மூடுன நாள்ல மட்டும் பூமியோட காந்தப்புலத்த வச்சு சரியா கெளம்பும். உங்க தெரு லைட்டு 6 மணி நேரம் மாத்தாது, பயப்படாதீங்க, தூக்கம் கெட்டுதான் லேட்டாவுதுன்னு என் கணக்கு. எடை கொறஞ்சா வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, எல்லாத்துக்கும் லைட்டையே திட்டக்கூடாது.

கேள்வி: ராயபுரத்துல இருக்கேன், ஹார்பர்ல ஷிப்ட் மாறி மாறி வரும். ராத்திரி வெளிச்சம் பத்தி எலிய வச்சு பண்ற ஆராய்ச்சிலாம் நமக்கு செல்லுமா சார்?

பதில்: பாதி செல்லும். 2012ல சுண்டெலிக்கு மூணரை மணி நேரம் வெளிச்சம், மூணரை மணி நேரம் இருட்டுன்னு மாத்தி மாத்தி குடுத்தாங்க. தூங்குற நேரம் கொறையவே இல்ல, ஆனாலும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுச்சு, கத்துக்குறது மந்தமாச்சு, டிப்ரஷன் மாத்திர குடுத்தா தேறுச்சு. 2013ல இன்னொண்ணு, எலிக்கு 19 மணி நேரம் லைட் வச்சா ஹைபோதலாமஸ்ன்ற மூளையோட அடிப்பகுதில டோபமின்ற ரசாயனத்த விட்டுட்டு இருந்த செல்லுங்க அத நிறுத்திட்டு சொமாட்டோஸ்டாட்டின்ற வேற ரசாயனத்த விட ஆரம்பிச்சுது, வேலையவே மாத்திக்கிச்சுன்னு வைங்களேன். ஆனா எலி ராத்திரி நடமாடுற ஜீவன், வெளிச்சமே அதுக்கு டென்ஷன், நமக்கு அது தலகீழ், அதனால அப்படியே காப்பி அடிக்க முடியாது. மெலடோனின் லைட்டால கொறையிறது மட்டும் நமக்கும் அதே கததான். ஷிப்ட் முடிஞ்சு வந்து படுக்கும்போது ஜன்னலுக்கு கருப்பு துணி போடுங்க, மிச்சம் இருந்தா வியாசர்பாடி தம்பிகிட்ட குடுங்க, அவருக்கு கூண்டுக்கு ஆவும்.