பழைய ஏசிக்குப் புதிய கேஸ் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2012-இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறது. இரண்டு கோடைகளாகக் குளிர்ச்சி குறைந்து வருகிறது. கேஸ் அடிக்க வந்த மெக்கானிக், "இதில் இருப்பது ஆர்-22, அதைத் தடை செய்துவிட்டார்கள், ஓசோனைக் கெடுக்காத புதிய கேஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். எந்த கேஸ் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லவில்லை. மாற்றலாமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: மெக்கானிக் சொன்னதில் பாதிதான் சரி. ஆர்-22 வாயுவில் உள்ள குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது என்பதால், 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது படிப்படியாகக் கைவிடப்படுகிறது. 2025 முதல் இந்தியாவில் அந்த வாயுவைக் கொண்டு புதிய இயந்திரங்களைத் தயாரிக்கக் கூடாது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்க அதைப் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை. வளரும் நாடுகளுக்கான அட்டவணையில் முடிவு ஆண்டு 2030. பழுதுபார்ப்புக்கு மட்டும் மிகச் சிறு அளவு 2040 வரை அனுமதி உண்டு.

வாயுவை மாற்றுவதற்கு முன், அது எங்கே போனது என்று கேளுங்கள். ஏசியில் உள்ள கேஸ் வண்டியின் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். (சில வீடுகளில் கேஸ் குறைந்திருக்கவே இராது, அழுக்கேறிய காயிலும் பழுதடைந்த கெப்பாசிட்டரும் அதே அறிகுறியைக் காட்டும்.) நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகே எந்த கேஸையும் நிரப்ப வேண்டும். இதைச் செய்யாதவர் எந்த கேஸை அடித்தாலும் அடுத்த சித்திரைக்குள் நீங்கள் மறுபடியும் அவரையே அழைப்பீர்கள்.

ஆர்-22-க்குப் பதிலாக ஒரு வாயுவை உருவாக்குவது ஆய்வாளர்களுக்கும் எளிதாக அமையவில்லை. கம்ப்ரஸரில் உள்ள மினரல் ஆயில் ஆர்-22-உடன் நன்றாகக் கலந்து குழாய்களைச் சுற்றிவந்து மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்பும். குளோரினை நீக்கிய வாயுக்களுடன் அது சரிவரக் கலப்பதில்லை. அத்தகைய வாயுவான ஆர்-407சி குளிர்ச்சியில் ஆர்-22-க்கு நெருங்கி வந்தாலும், அதற்குப் பிஓஇ எனப்படும் செயற்கை ஆயில் தேவை. வீட்டு ஏசியின் மூடிய கம்ப்ரஸரில் ஆயிலை வடிக்க வழி கிடையாது, கம்ப்ரஸரையே கழற்றிக் கவிழ்க்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஆர்-417ஏ, ஆர்-422டி போன்ற கலவைகளில் சிறிதளவு பியூட்டேன் அல்லது ஐசோபியூட்டேன் சேர்த்தார்கள்; அது பழைய ஆயிலைத் திரும்பக் கொண்டுவர உதவுகிறது. ஆனால் அவுட்டோர் யூனிட்டில் வாயு திரவமாக மாறினால்தான் வெப்பம் நன்றாக வெளியேறும். இக்கலவைகளில் கணிசமான பங்கு வகிக்கும் ஆர்-125, தனியாக இருந்தால் ஏறத்தாழ 66 டிகிரிக்கு மேல் திரவமாக மாறவே மாறாது; ஆர்-22-க்கு அந்த எல்லை 96 டிகிரி. கத்திரி வெயிலில் சென்னை மொட்டை மாடியில் வெந்துகொண்டிருக்கும் அவுட்டோர் யூனிட்டில் இந்த வேறுபாடு குளிர்ச்சியிலும் மின்கட்டணத்திலும் தெரியும்.

இன்னொன்று, ஓசோனைக் கெடுக்காதது எல்லாம் பூமிக்கு நல்லதாகிவிடாது. புவி வெப்பமாதல் கணக்கில் கரியமில வாயுவை 1 என்று கொண்டால் ஆர்-22 ஏறத்தாழ 1,800. ஆர்-422டி 2,700-க்கும் மேல்.

ஆர்-32 அல்லது ஆர்-410ஏ போடலாம் என்று யாரேனும் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அவற்றின் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். உங்கள் குழாயும் கம்ப்ரஸரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புரொப்பேனின், அதாவது ஆர்-290-இன், கதை வேறு. அழுத்தம் பொருந்தும், நன்றாகவே குளிரும், வெப்பமாதல் அளவும் மிகக் குறைவு. ஆனால் அது சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது. 2012-இலிருந்து கோத்ரெஜ் நிறுவனம் விற்கும் புரொப்பேன் ஏசிகள் வாயுவின் அளவைக் குறைத்து, தீப்பொறிக்கு இடமில்லாதபடி வடிவமைக்கப்பட்டவை. அதே வாயுவை, தீப்பொறி எழக்கூடிய ரிலே என்ற மின்சுவிட்சும் சாதாரண மின் இணைப்புகளும் கொண்ட பழைய பெட்டியில் அடைத்துப் படுக்கையறையில் ஓடவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே கசிவு இணைப்பில் மட்டும் இருந்து கம்ப்ரஸர் நலமாக இருந்தால், அதை அடைத்து ஆர்-22-ஐயே எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். ரசீதில் வாயுவின் பெயரும் எடையும் இருக்கட்டும். காயில் அரித்துப்போயிருந்தால் அதற்கு மேல் செலவு செய்யாமல், ஆர்-32 அல்லது ஆர்-290 கொண்ட புதிய இன்வெர்ட்டர் ஏசியைப் பாருங்கள்.

கேள்வி: என் மளிகைக் கடையின் குளிர் அறை ஆர்-22-இல் ஓடுகிறது. ஆர்-404ஏ-க்கு மாற்றித் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார்.
(வாசகர், வேளச்சேரி)

பதில்: வேண்டாம். அதன் வெப்பமாதல் அளவு 3,900-ஐத் தாண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கையில் செய்யப்பட்டு இந்தியா 2021-இல் ஏற்ற கிகாலி திருத்தத்தின்படி இத்தகைய வாயுக்களின் பயன்பாடு 2028-இல் உச்சவரம்புக்கு உட்பட்டு, 2032 முதல் குறைக்கப்படும். ஆர்-448ஏ அல்லது ஆர்-449ஏ கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டும் ஏறத்தாழ 1,400 அளவிலேயே நிற்கின்றன. உங்களுடையது போல்ட் போட்டுத் திறக்கக்கூடிய கம்ப்ரஸர் என்றால் ஆயிலை மாற்றுவது கடினமன்று. ஆயிலோடு ரப்பர் சீல்களையும் மாற்றும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: ஆர்-22-இல் ஊறி உப்பியிருந்த சீல்கள் புதிய வாயுவில் சுருங்கி, மாற்றிய சில வாரங்களிலேயே கசியத் தொடங்கும். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு இயந்திரத்தால் உருளையில் பிடித்துத் தரவேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.