டிஜிட்டல் மீடியாவைக் கல்லூரியில் போய்ப் படிக்க வேண்டுமா, யூடியூப் போதாதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது: பிளஸ் டூ முடித்துவிட்டீர்கள், ஊர் கடலூர், புதுச்சேரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) அல்லது டிஜிட்டல் மீடியா சேர ஆசை. வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படி என்கிறார்கள். நண்பர்களோ, "எடிட்டிங் எல்லாம் யூடியூப்லயே கத்துக்கலாம், அதுக்கு எதுக்கு மூணு வருஷம்" என்கிறார்கள்.

நானும் கடலூர் முதுநகர்தான். புதுச்சேரியில் பி.எஸ்சி. விஸ்காம் படித்தேன். அப்புறம் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா. இப்போது எடிட்டிங்கும் ஒலிப்பதிவும்தான் என் வேலை. என் பதில்: படிக்கலாம், நல்ல துறையாக அமைந்தால் கட்டாயம் படியுங்கள். ஆனால் அதற்குக் காரணம் மென்பொருள் அல்ல.

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலிக்கு ஆடாசிட்டி இலவசம். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம், தமிழிலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன. கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையிலேயே அதை முடித்துவிட்டுப் போங்கள். அதற்காக மூன்று வருடக் கட்டணம் கட்ட வேண்டாம்.

வீட்டில் கிடைக்காதது வேறு ஒன்று. நீங்கள் எடுத்ததையும் வெட்டியதையும் ஒரு வகுப்பே உட்கார்ந்து பார்த்து, "இந்த இடத்தில் ஏன் வெட்டினாய்?" என்று கேட்கும் அந்த அறை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி முதுநகர் துறைமுகத்தில், மீன் விற்கும் ஒரு அக்காவிடம் மீன்பிடித் தடைக்காலம் பற்றிப் பேட்டி எடுத்து வந்தாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வகுப்பில் அவள் போட்டுக் காட்டிய படத்தில் அந்த அக்கா கோபமாக, "ரெண்டு மாசம் எங்களுக்கு யாரு சோறு போடறது?" என்று கேட்டார். நன்றாக இருந்தது, எல்லோரும் பாராட்டினோம். எங்கள் ஆசிரியர் மட்டும், "வெட்டாத ரஷ்ஷைப் போடு" என்றார், அதாவது எடிட் செய்யாத மூலப் பதிவை. போட்டோம். அதில் அந்த அக்கா முதலில் சொன்னது: "தடைக்காலம் வேணும்தான் பாப்பா, மீனு முட்ட போட்டாத்தான அடுத்த வருசம் நமக்கு." அதற்குப் பிறகுதான் சோறு பற்றிய கேள்வி.

அன்று வகுப்பு முழுவதும் அதே பேச்சுதான். முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டால் அவர் தடைக்காலத்தை எதிர்ப்பவர் ஆகிவிடுகிறார். இரண்டையும் வைத்தால், அதன் தேவையை ஒப்புக்கொண்டே, அந்தச் சுமையை யார் தூக்குவது என்று கேட்பவர் ஆகிறார். இரண்டாவதுதான் வலுவான படம், உண்மையும் அதுதான். சேர்த்தால் நீளம் சில விநாடிகள்தான் கூடும். தோழி திருத்தி வெட்டினாள். திரும்ப முதுநகர் போய் அந்த அக்காவிடமே போனில் போட்டும் காட்டினாள். படத்தில் இருப்பவருக்கு இறுதி வடிவத்தைக் காட்டாமல் எதையும் சமர்ப்பிக்கக் கூடாது என்பது எங்கள் ஆசிரியர் வைத்திருந்த விதி. இன்று வரை நான் அதை விடவில்லை. எந்த யூடியூப் பாடமும் உங்கள் எடிட் டைம்லைனைத் திறந்து, நீங்கள் தூக்கிப்போட்ட துண்டில் என்ன இருந்தது என்று பார்க்காது.

இரண்டாவது விஷயம் ஒலி. சேருகிறவர்கள் எல்லோரும் கேமராவுக்காகத்தான் சேருகிறார்கள். ஆனால் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் உடனே அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். நம்ம ஊரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நாம் கடலோரம். பகலில் நிலம் சூடேறி அதன் மேலே இருக்கும் காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. மதியம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மைக்கை நீட்டினால் "டபடப" என்ற சத்தம்தான் பதிவாகும். மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை அந்தக் காற்றுக்குப் போதாது, மேலே முடி வைத்த உறை வேண்டும். அதுவும் போதாத நாளில் காலையிலேயே போய்விட வேண்டும், இல்லையென்றால் படகின் மறைவில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும். அப்புறம், பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். எடிட்டில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வெட்டும்போது பின்னணி அலைச்சத்தம் தடுக்கி விழாமல் இருக்க அந்த ஒரு நிமிடம்தான் உதவும். ஒலி அளவு உச்சத்தில்கூட மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். கொஞ்சம் குறைவாகப் பதிவானால் ஏற்றிக்கொள்ளலாம். மீட்டரின் உச்ச வரம்பான பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த குரலை முழுமையாக மீட்க வழியில்லை. ஹெட்போன் போடாமல் ஒலிப்பதிவு செய்யவே கூடாது.

இதெல்லாம் எழுதிப் படித்தாலும் தெரியும், உண்மைதான். ஆனால் பூம் (மைக் மாட்டிய நீளக் கம்பு) பிடிக்க ஒருவர், ஹெட்போனில் கேட்க ஒருவர், கேமராவில் ஒருவர், கேள்வி கேட்க ஒருவர் என்று கூட்டாக வேலை செய்து பழகுவது தனியாக அறையில் உட்கார்ந்து வராது. ஒவ்வொரு முறையும் பொறுப்பை மாற்றிக்கொடுப்பார்கள். கேமராவே கதி என்று வந்த நான் ஒலிக்குப் போனது அப்படித்தான்.

காலாப்பட்டு வளாகத்தில் புதுவை வாணி என்ற சமுதாய வானொலி இருக்கிறது, 107.8 மெகாஹெர்ட்ஸ். கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் தரலாம் என்று மத்திய அரசு 2002இல் முடிவெடுத்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்த நிலையங்களின் சக்தி சாதாரணமாக 100 வாட்தான், சுமார் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். அந்தச் சின்ன வட்டம்தான் அதன் அருமை. யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்கள் கனகசெட்டிகுளத்திலும் பிள்ளைச்சாவடியிலும் இருக்கிறார்கள், பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்து, "நேத்து நீ சொன்னது புரியல" என்று நேரில் சொல்வார்கள். காதுக்கு எழுதுவது எப்படி என்று நான் அங்கேதான் கற்றேன். கேட்பவர் முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியாது. அதனால் ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, ஒரு எண். யார் சொன்னார் என்பது முதலில், என்ன சொன்னார் என்பது பிறகு. இப்போது வீடியோவுக்குக் குரல் எழுதும்போதும் அதே முறைதான்.

கேமரா பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும்: நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல டியூப் லைட்டுகளும் விலை குறைந்த எல்இடிகளும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். விநாடிக்கு 30 பிரேமில் (படச்சட்டங்களில்) எடுத்து, ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. இணையத்தில் வரும் பாடங்கள் நிறைய அமெரிக்காவில் எடுத்தவை, அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே போட்டால் நமக்குச் சரிவராது.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். படத்தில் பெயர் போடும்போது "கொ" உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அது தெரியாமல் பலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் அதே வாசகத்தை வசன வரிகளாகவோ தலைப்பாகவோ இணையத்தில் ஏற்றினால் தேடலில் கிடைக்காது. தமிழில் வேலை செய்யப் போகிறவர் யூனிகோடில்தான் வேலை செய்ய வேண்டும். இதை முதல் வருடத்திலேயே கற்றுத் தரும் துறை என்றால், அங்கே தமிழில் வேலை செய்த ஆசிரியர் யாரோ இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கம். நம் பகுதியில் பதிவு செய்யப்படாமல் கிடப்பது ஏராளம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. முந்திரி திரும்பக் காய்க்கச் சில வருடம், பலாவுக்கு அதைவிட அதிகம். அந்த வருடங்களை அந்தக் குடும்பங்கள் எப்படிக் கடந்தன என்பதைத் தொலைக்காட்சிகள் காட்டவில்லை, இரண்டாம் நாள் கேமராக்கள் கிளம்பிவிட்டன. முதுகலைக் கடைசிப் பருவத்தில் நான் எடுத்த ஆவணப்படம் அதைப் பற்றித்தான். தோப்புக்காரர்கள் கல்லூரிப் பிள்ளை என்றதும் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். துறையிலிருந்து ஒரு கடிதம் கையில் இருந்தால் பஞ்சாயத்து அலுவலகமும் துறைமுகமும் திறக்கும். தனியாக ஒரு கேமராவோடு போய் நிற்கிறவருக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால், அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும்.

அனுமதி என்றதும் ஞாபகம் வருகிறது. புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு போகும் வழியில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதைத் தாண்டிப் போனால் மறுபடி புதுச்சேரி. பாகூர் பக்கமும் எல்லை இப்படிப் பின்னிக்கொண்டுதான் கிடக்கிறது. ஒரே கடற்கரையில் நூறடி நகர்ந்தால் வேறு மாநிலத்துக் காவல் நிலையம். படப்பிடிப்புக்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள்.

இனி எச்சரிக்கை. எல்லாக் கல்லூரியும் இப்படி இருக்காது. நான் இளங்கலை படித்த இடத்தில் கேமரா பீரோவில் பூட்டியே இருந்தது, ஆய்வுக்கு ஆள் வரும் அன்றுதான் வெளியே வரும். செய்முறை ஏட்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோம். அந்த மூன்று வருடத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடியோவுக்குப் போன ஒரு அண்ணனோடு லைட் பிடித்ததில் வந்ததுதான். அதனால் சேர்வதற்கு முன் நேரில் போங்கள், கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். கேமராவை மாணவர் வெளியே எடுத்துப் போக முடியுமா, வார இறுதியில் எடிட் அறை திறந்திருக்குமா, ஆசிரியர்களில் யாராவது களத்தில் வேலை செய்தவர்களா என்று கேளுங்கள். முக்கியமாக, போன வருட மாணவர்களின் படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

வேலை கிடைக்குமா என்பதுதான் வீட்டில் உண்மையான பயம், அது நியாயமான பயம்தான். தொலைக்காட்சி, செய்தித் தளங்கள், விளம்பரம் என்று போனால் பெரும்பாலும் சென்னை. ஆரம்பச் சம்பளம் ஐடியோடு ஒப்பிட முடியாது, முதல் இரண்டு மூன்று வருடம் கஷ்டம்தான். புதுச்சேரியிலேயே இருக்க வேண்டும் என்றால் கல்யாணப் படப்பிடிப்பு, ஓட்டல்களுக்கான வீடியோ, பாடவீடியோ, தொண்டு நிறுவனங்களுக்கான ஆவணப்படம் என்று வேலை இருக்கிறது, ஆனால் அது மாதச் சம்பளமாக வராது. இரைச்சல் நீக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்றவற்றை இப்போது கருவிகளே செய்கின்றன, அதை மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை குறையும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

வீட்டில் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றாலும் கதவு மூடிவிடாது. ஊடக முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும். என் வகுப்பில் இன்ஜினியரிங் முடித்தவர்களும் ஆங்கில இலக்கியம் முடித்தவர்களும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே வார இறுதியில் படம் எடுத்துப் பழகி, அப்புறம் காலாப்பட்டுக்கு வரலாம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணமும் தனியாரைவிடக் குறைவு, சேர்க்கை சியுஇடி முதுகலை நுழைவுத் தேர்வு வழியாக. அதற்கான விண்ணப்பம் கடைசி வருடத்தின் நடுவிலேயே வந்துவிடும், தேர்வு முடிவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இப்போதைக்கு, கல்லூரி பார்க்கப் போகும் நாளில் அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். மாணவர் படங்களை அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும், கட்டணத்தையும் வேலையையும் பற்றி ஆசிரியர்களிடம் அவரே நேராகக் கேட்கட்டும்.