படம் வலது பக்கம் தள்ளி நிற்கிறதா? முதலில் பேக் போர்ச்சைப் பாருங்கள்

கேள்வி இது: 7 இன்ச், 800 × 480 டிஸ்ப்ளே பேனலுக்கு டேட்டாஷீட்டில் இருந்த எண்களை அப்படியே பேட்டர்ன் ஜெனரேட்டரில் (சோதனைப் படங்களைப் பேனலுக்கு அனுப்பும் கருவி) கொடுத்தும் இடது ஓரத்தில் கறுப்புப் பட்டை வருகிறது, வலது ஓரம் வெட்டுப்படுகிறது. ஏன்?

எண்கள் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் சொல்லும் சிக்னல்தான் சிங்க் பல்ஸ்; அதற்கும் படத்துக்கும் நடுவே விடும் இடைவெளி பேக் போர்ச், படம் முடிந்து அடுத்த சிங்க் வரை விடுவது ஃப்ரண்ட் போர்ச். இதில் பேக் போர்ச் என்ற பெயருக்கு டேட்டாஷீட்டும் ஜெனரேட்டரும் வேறு வேறு பொருள் வைத்திருக்கும்.

இந்த வகைப் பேனல்களில் அடிக்கடி பார்க்கும் கணக்கு: கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) 33.3 மெகாஹெர்ட்ஸ், ஒரு வரிக்கு மொத்தம் 1056 கிளாக், ஃப்ரண்ட் போர்ச் 210, பேக் போர்ச் 46. கூட்டிப் பாருங்கள்: 800 + 210 + 46 = 1056. சிங்க் பல்ஸுக்கு இடமே இல்லை! அது அந்த 46-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஜெனரேட்டரோ சிங்க் அகலத்தைத் தனியாகக் கேட்கும். நீங்கள் 20 என்று கொடுத்தால் பேக் போர்ச்சில் 26 போட வேண்டும். 46 என்றே விட்டால் படம் 20 பிக்சல் வலதுபக்கம் போய்விடும்.

செங்குத்திலும் இதே கதைதான்: 480 + 22 + 23 = 525. சிங்க் 10 என்றால் பேக் போர்ச் 13.

மானிட்டர் வேலையில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 1080பி-யில் 1920 + 88 + 44 + 148 = 2200; அங்கே சிங்க் (44) தனி, பேக் போர்ச் (148) தனி. அதே பழக்கத்தில் இங்கேயும் கை போய்விடுகிறது.

நானும் இப்படி அரைநாள் வீணடித்திருக்கிறேன். டி.இ. (டேட்டா எனேபிள்) மோடில் படம் கச்சிதமாக வந்தது, சிங்க் மோடுக்கு மாற்றினால் நகர்ந்தது. கேபிள்தான் என்று முடிவு கட்டி மூன்று கேபிள் மாற்றினேன். டி.இ. மோடில் பேனல் சிங்க்கைக் கண்டுகொள்ளாது, டேட்டா எனேபிள் சிக்னல் எப்போது உயர்கிறதோ அங்கிருந்து வரையத் தொடங்கும். அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜெனரேட்டர் காட்டும் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் வரைகிறது என்பதை) கவனித்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். 33.3 மெகாஹெர்ட்ஸை 1056 × 525-ஆல் வகுத்தால் 60.06 ஹெர்ட்ஸ் வரும். சிங்க்கை இரண்டு முறை கூட்டிவிட்டால் 1076 × 535 ஆகி 57.8-க்கு இறங்கிவிடும். 57.8 என்று கண்ணெதிரே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

எண்களைப் போட்டு முடித்ததும் கலர் பார் வேண்டாம், அதில் 20 பிக்சல் நகர்வு கண்ணுக்குத் தப்பிவிடும். கறுப்புப் பின்னணியில் நாலு ஓரமும் ஒரு பிக்சல் தடிமனில் வெள்ளைக் கோடு ஓடும் பேட்டர்னைப் போடுங்கள். நாலு கோடும் முழுசாகத் தெரிந்தால் போர்ச் சரி. கோடு சரியான இடத்தில் இருந்தும் படத்தில் புள்ளி புள்ளியாக மினுக்கினால் போர்ச்சை நோண்டாதீர்கள். கிளாக் எட்ஜை, அதாவது கிளாக் ஏறும்போது டேட்டாவைப் படிப்பதா இறங்கும்போது படிப்பதா என்பதை, திருப்பிப் பாருங்கள்.