சால்வைக்கு நூறு ரூபாய்

கேள்வி: செப்டம்பர் 5 உலகம் முழுக்கவே ஆசிரியர் தினமா, டீச்சர்?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: நம் நாட்டுக்கு மட்டும்தான் தம்பி. 1888-ல் அன்றைய தேதியில் திருத்தணியில் பிறந்தவர் ராதாகிருஷ்ணன். 1962-ல் குடியரசுத் தலைவரானதும், பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடச் சொன்னார். இலங்கையில் அக்டோபர் 6, மலேசியாவில் மே 16. உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. 1921-ல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து, ரயில் நிலையம் வரை தாங்களே இழுத்துப் போனார்கள். வருடா வருடம் என் வகுப்பில் நான் சொன்ன கதை இது.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. ஆசிரியர் தினத்துக்குச் சால்வை, கேக் வாங்கத் தலைக்கு நூறு ரூபாய் வசூலிக்கிறார்கள். இந்த மாதம் கை ரொம்ப இறுக்கம். கொடுக்காவிட்டால் ஆசிரியர்கள் தப்பாக நினைப்பார்களோ?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நினைக்கவே மாட்டார்கள் அம்மா. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதே பெரும்பாலும் எங்கள் காதுக்கு வராது. ஆனால் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். என் கவலை அதுதான்.

34 வருடம் தமிழ் நடத்தியவள் நான். ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் விழாவன்று மட்டும் வரவில்லை. மறுநாள் கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். கரும்பலகை மூலையில், பணம் தராதவர்கள் பட்டியல் அரைகுறையாக அழிந்து கிடந்தது. அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்து அப்படியே தெரிந்தது. முந்தின நாள் எனக்குப் போர்த்திய சால்வையை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை.

அடுத்த ஜூன் மாதமே சொல்லிவிட்டேன், என் வகுப்பில் வசூல் கிடையாது என்று. விழாவன்று காலை இரண்டு பீரியட் பெரிய பிள்ளைகளே பாடம் எடுத்தார்கள். ஒருத்தி அம்மா சேலையை ஏழெட்டு ஊக்கு குத்திக் கட்டிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு வேற்றுமை உருபு நடத்தினாள். நான் கடைசி பெஞ்சில். ஐ, ஆல், கு என்று எழுதியவள் அடுத்தது வராமல் நின்றாள். "இன், அக்கா!" என்றது முன் வரிசையில் ஒரு பொடிசு. "சரி, ஒரு உதாரணம் சொல்லு பார்ப்போம்" என்று சாக்பீஸால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டம் என்னுடையது. கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் போடுவது. என் கண் நிறைந்துவிட்டது.

நீங்கள் வகுப்பாசிரியரை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம், வசூல் நின்றால் இன்னும் பல வீடுகளுக்கு நிம்மதி. மகளை, பிடித்த ஆசிரியருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பொதுவாகப் புகழாமல், எந்த நாள், எந்தப் பாடம் என்று எழுதட்டும். சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் ஒன்று எழுதினால் இன்னும் நல்லது. "என் கையைப் பிடித்து ழகரத்தின் சுழியைப் போடவைத்தீங்களே டீச்சர், இப்ப என் பையனுக்கு அப்படித்தான் சொல்லித் தர்றேன்" என்று பழைய மாணவி ஒருத்தி எழுதிய அஞ்சலட்டை என் டைரிக்குள் இருக்கிறது. அதில் அவள் ழகரம் அவ்வளவு அழகு.