அம்மாவைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்

கேள்வி: கொழும்பில் ஒரு கம்பனியில் பதினான்கு ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய், எட்டு மாதங்களாக வீட்டோடு இருக்கிறேன். பாரிசவாதம் வந்த அம்மாவைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இம்முறை நல்லூர்த் திருவிழாவுக்கும் போகவில்லை. வேலையில்லாத நான் எதற்கு என்ற எண்ணத்தில் இரவு நித்திரை வருவதில்லை.
(41 வயது வாசகர், உரும்பிராய்)

பதில்: அன்பின் தம்பிக்கு,

இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதம் முழுமையாக நான்கு பக்கங்கள். அவ்வளவும் இழந்த பதவியைப் பற்றியது. அம்மாவைப் பற்றி ஒரேயொரு வரிதான் இருந்தது, அதையும் "அவ்வளவுதான்" என்ற சொல்லால் முடித்துவிட்டீர்கள். அந்தச் சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், புரைக்கேறாமல் தலையை உயர்த்திப் பிடித்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் பருக்குவதும், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துக் காத்திருப்பதும் எவ்வளவு பொறுமை வேண்டிய காரியங்கள் என்பதை என் தகப்பனாரைப் பராமரித்த காலத்தில் நான் அறிந்தேன். இதையே உங்களுக்கொரு தங்கை இருந்து செய்திருந்தால் ஊர் கடமை என்று சொல்லிக் கடந்திருக்கும். நீங்கள் செய்வதால் அதற்கு வேலையில்லாமை என்று பெயர். இரண்டுமே அநியாயம்.

எங்கள் ஊரின் அளவுகோல் காரணமில்லாமல் வந்ததல்ல. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணற்றை நம்பிய தோட்டம் எல்லாக் குடும்பங்களையும் தாங்கவில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கிய காலம் முதலாகப் பரவிய ஆங்கிலக் கல்வியும், அது திறந்துவிட்ட அரசாங்க உத்தியோகமும் பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தன. தமிழ் மாணவர்களுக்கு அனுமதிப் புள்ளியை உயர்த்திய 1970களின் தரப்படுத்தலோடு பல்கலைக்கழக இடம் இன்னும் எட்டாததாகவே, புள்ளி உயிர்ப் பிரச்சினையாயிற்று. பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை, பின்னர் உயர்தரம், பெறுபேறு வந்ததும் தனியார் கல்வி நிலைய வாசலில் படத்தோடு பதாகை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பிழைக்க உதவிய கருவியே பிள்ளையின் பெறுமதியாகவும் மாறிவிட்டதை ஒருவரும் நின்று கவனிக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர்களான ஜெனிபர் குரொக்கரும் கொனி வூல்பும் 2001இல் எழுதிய கட்டுரையில், ஒருவருடைய தன்மதிப்பு எவ்வளவு என்பதோடு, அது எதில் தங்கியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்றனர். உங்களுடையது ஒற்றைக் கப்பில் நின்ற கொட்டில், தம்பி. வேலை தேடுவதை விடவேண்டாம்; மருந்துச் செலவு காத்திராது. ஆனால் இன்னொரு கதிரை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தால், ஓய்வுபெறும் நாளில் இதே கேள்வி வாசலில் வந்து நிற்கும்.

உங்கள் ஊரில் நீங்கள் உண்மையாக மதிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடியும்வரை கூடவே நின்ற ஒருவர் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்பதற்காகவா அவரை மதிக்கிறீர்கள்? அடுத்த முறை யாராவது கேட்டால், "அம்மாவோட நிக்கிறன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் சமாதானம் எதுவும் சேர்க்காதீர்கள்.

நித்திரையின்மையைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவரைப் பாருங்கள். "நான் எதற்கு" என்ற எண்ணம் இரவில் கனத்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

மறுபடி எனக்கு எழுதும்போது அந்த ஒரு வரியை விரித்து எழுதுங்கள். அம்மா எந்தக் கையை முதலில் அசைத்தார், கஞ்சிக்கு என்ன சேர்த்தால் விரும்பிக் குடிக்கிறார், எதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.